வானம் பார்த்த கம்பெனி

நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட ஐந்தாவது கேள்வி, "ஸ்கீயிங் தெரியுமா?"

பனிச்சறுக்கு எனக்குத் தெரியாது என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, "பனியையே இந்த ஊருக்கு வந்துதான் பார்த்தேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன். எனக்கு ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். பனி என்றால் மார்கழி விடியலில் கோலப்பொடியை நமுக்கவைக்கும் பனிதான். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் காருக்கு நடந்தேன். இரண்டு நாளில் அழைப்பு வந்தது. பிற்பாடு மேலாளரிடம் கேட்டபோது, "ஸ்கீ பைத்தியங்கள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர்கள்தான் குறைவு" என்றார்.

இது 2018 இலையுதிர் காலத்தில். கணவருக்கு அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரில் வேலை. நான் அவரைச் சார்ந்து வருபவருக்கான ஹெச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி அட்டை கிடைத்து, எட்டு மாதம் விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்திருந்த நேரம். பனிச்சறுக்கு மலைகள் பலவற்றை நடத்தும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், எந்த நாளில் எந்த மலைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்லும் வேலை. பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

அலுவலகத்தில் பனி கிடையாது. முதல் நாளே புரிந்துபோன விஷயம் அது. நாங்கள் இருப்பது சமவெளியில், நெடுஞ்சாலை ஓரத்து ஐந்து மாடிக் கட்டடத்தில். எங்கள் மலைகளில் மிக அருகில் உள்ளதற்கே காரில் ஒன்றரை மணி நேரம். வரவேற்பறையில் கம்பியில் தொங்கியபடி மலையேறும் ஒரு பழைய கோண்டோலாப் பெட்டியை வைத்திருக்கிறார்கள், உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து பேசலாம். மலைக்கும் அந்தக் கட்டடத்துக்கும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே தொடர்பு அதுதான். மற்றபடி கணக்குப் பிரிவு, சட்டப் பிரிவு, மார்க்கெட்டிங், ஐடி, காப்பீடு, மனிதவளம் என்று ஊரில் உள்ள எந்தக் கம்பெனியிலும் பார்க்கிற அதே மேஜைகள், அதே காபி மெஷின். டை கட்டியவரை ஏழு வருடத்தில் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஜீன்ஸ், மேலே ஒரு கம்பளிக் கையில்லாச் சட்டை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். இதே வேலையை டென்வரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் செய்யும் என் தோழி என்னைவிடக் கணிசமாக அதிகம் வாங்குகிறாள். எங்களுக்குக் கிடைப்பது பாஸ். எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் எல்லா மலைகளிலும் சீசன் முழுக்க இலவசம். பெரிய மலைகளில் கூட்ட நாளில் ஒருநாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் சறுக்காத ஆளுக்கு அது வெறும் பிளாஸ்டிக் அட்டை. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள், சம்பளப் பேச்சில் பாஸின் மதிப்பை அவர்கள் சொல்லும் விலைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வருடத்தில் எத்தனை நாள் நிஜமாக மலை ஏறுவீர்கள் என்று பார்த்து, அந்த நாட்களுக்கு மட்டும் விலை போடுங்கள். முதல் வருடம் நான் ஏறியது மூன்று நாள்.

வேலையில் சேர்ந்த அடுத்த மார்ச்சில் அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆறு ஏக்கர் மானாவாரி. உளுந்து, பருத்தி, சில வருடம் சோளம். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைத்து, அது பொய்த்தால் விதையும் போய் உழவுக் கூலியும் போய், அடுத்த வருடம் மறுபடி விதைக்கும் ஆள். என் கம்பெனி என்ன விற்கிறது என்று கேட்டார். அடுத்த குளிர்காலத்துக்கான பாஸை இப்போதே விற்க ஆரம்பித்திருக்கிறோம் என்றேன்.

"இப்பமேவா? பனி எப்ப பெய்யும்?"

"நவம்பர், டிசம்பர்லப்பா."

"பெய்யாட்டி துட்டத் திருப்பிக் குடுப்பீகளா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப அது நல்ல யாவாரந்தான் தாயி" என்றார்.

பயிற்சி வகுப்பில் மூன்று நாள் படம் போட்டு விளக்கியதை அப்பா ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார். இந்தத் தொழில் அடிப்படையில் மானாவாரி விவசாயம்தான். அமெரிக்காவில் ஒருவர் ஒருநாள் மலைக்கு வந்தால் அதை ஒரு 'ஸ்கியர் விசிட்' என்று எண்ணுவார்கள். 2010-11 சீசனில் நாடு முழுக்க அது ஆறு கோடியைத் தாண்டியது. அடுத்த சீசனில் பனி பொய்த்தது, எண்ணிக்கை சுமார் 5.1 கோடிக்கு விழுந்தது. ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடி விசிட் காணாமல் போனது. மலையும், ஆட்களைச் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டும், கடனும் மட்டும் அப்படியே இருந்தன.

அதனால்தான் பாஸ். முன்பெல்லாம் சீசன் பாஸ் என்பது உள்ளூர்க்காரர்களும் பணக்காரர்களும் வாங்கும் பொருள். 1998இல் கொலராடோவின் வின்டர் பார்க் என்ற பனிச்சறுக்கு மலை, நான்கு நண்பர்கள் சேர்ந்து 800 டாலர் கொடுத்தால் நான்கு பேருக்கும் சீசன் பாஸ் என்று அறிவித்தது. பக்கத்து மலைகள் அலறிப்போய் விலையைக் குறைத்தன. 2008இல் வேல் ரிசார்ட்ஸ் (Vail) என்ற பெரிய கம்பெனி 579 டாலருக்கு எபிக் பாஸைக் கொண்டுவந்தது: ஒரே அட்டை, பல மலைகள், ஆனால் சீசன் தொடங்குமுன் வாங்கிவிட வேண்டும். 2018இல் போட்டிக்கு ஐகான் பாஸ் வந்தது. இன்று பெரிய கம்பெனிகளின் கதையே வசந்த காலத்தில் எத்தனை பாஸ் விற்றது என்பதில்தான் இருக்கிறது. மே மாதக் கடைசியில் ஒரு விலையேற்றம், செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொன்று, டிசம்பரில் கடையை மூடிவிடுவார்கள். ஒருநாள் டிக்கெட் அவ்வளவு விலை இருப்பதற்குக் காரணமும் இதுதான். அந்த விலை டிக்கெட் விற்பதற்கு என்பதைவிட, பாஸை மலிவாகக் காட்டுவதற்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

கணக்குப் பிரிவுக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே இடறும் இடம் ஒன்று உண்டு. மே மாதம் வங்கியில் பணம் குவிந்திருக்கும், ஆனால் வருமானக் கணக்கில் வராது. அது அட்வான்ஸ். மலை திறந்து, பாஸ்காரர் சறுக்கும் மாதங்களில்தான் பிரித்துப் பிரித்து வருமானமாக மாறும். அதுவரை அது நாம் பட்டிருக்கும் கடன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஜூன் மாத அறிக்கையைப் பார்த்து, "நாம் நஷ்டத்தில் ஓடுகிறோமா?" என்று பயந்துபோய் என்னிடம் வந்தான். கோடையில் எப்போதும் நஷ்டம்தான். அதைப் பார்த்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை.

விடுமுறை விஷயத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரி மூன்றாவது திங்களோடு வரும் மார்ட்டின் லூதர் கிங் வாரக்கடைசி, பிப்ரவரியில் பிரெசிடென்ட்ஸ் டே. இந்த மூன்றும் எங்களுக்கு அறுவடை. அப்போது லீவு கேட்பது, அறுப்பு நேரத்தில் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொல்வது மாதிரி. பொங்கல் சரியாக இரண்டாவதின் வாசலில் வந்து நிற்கும். தீபாவளியோ மலைகளைத் திறக்கும் பரபரப்பில் மாட்டும். ஊருக்குப் போக எனக்கு வாய்க்கும் காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, அதாவது அக்னி நட்சத்திரம். ஏழு வருடமாக என் மகளுக்குக் கோவில்பட்டி என்றால் வேர்க்குருதான்.

இனி, நான் சறுக்கி விழுந்த கதை. பனியில் விழுந்ததை அப்புறம் சொல்கிறேன்.

என் கணிப்பு முறை இரண்டாவது சீசனில்தான் முழுதாக ஓடத் தொடங்கியது. உள்ளே போகும் தகவல்கள்: கிழமை, விடுமுறை, முந்தைய வருடங்களின் வருகை, டென்வர் பக்கம் எத்தனை பேர் பாஸ் வைத்திருக்கிறார்கள், வெப்பநிலை, முக்கியமாகக் கடந்த 24 மணி நேரப் பனி. வெளியே வருவது: காலை எட்டிலிருந்து மணிக்கு மணி எத்தனை பேர் வருவார்கள் என்ற எண். அதை வைத்து மலையில் இருப்பவர்கள் பாஸ் ஸ்கேன் செய்பவர், பார்க்கிங், வாடகைக் கடை, சாப்பாட்டுக் கூடம் என்று ஆள் போடுவார்கள். டிசம்பர் முழுக்க அழகாகப் பொருந்தியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

ஒரு வெள்ளி இரவு 14 அங்குலம் பெய்தது. ஆறு அங்குலம் பெய்தாலே இங்கே 'பவுடர் டே' என்று ஆட்கள் வயிற்றுவலி சொல்லி வேலைக்கு மட்டம் போடுவார்கள். 14 அங்குலம், அதுவும் விடிந்தால் சனிக்கிழமை! என் கணிப்பு அந்த மலையின் சீசன் உச்சத்தைக் காட்டியது, எட்டரை மணிக்குக் கூட்டம் பொங்கும் என்றது. ஆறு மணிக்கே கூடுதல் ஆட்களை வரச் சொன்னார்கள்.

நான் வீட்டில் போர்வைக்குள் இருந்தபடி லேப்டாப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி: கிட்டத்தட்ட பூஜ்யம். எட்டரை: சில நூறு. ஸ்கேனர் தகவல் வரும் பாதையில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, ஐடி ஆட்களை எழுப்பினேன். அவர்கள் அரை மணி நேரம் தேடிவிட்டு, அங்கே லிஃப்ட் பகுதியைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் அம்மாவிடம் போன் போட்டார்கள். அவர் சொன்ன பதிலை இன்றுவரை அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்: "ஸ்கேனரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்கள்தான் இல்லை."

ஐ-70 நெடுஞ்சாலை மூடியிருந்தது. டென்வரிலிருந்து மலைக்குப் போக நடைமுறையில் அந்த ஒரு சாலைதான். அது சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மறுபக்கம் இறங்குகிறது. இரண்டு லாரிகள் குறுக்கே மடங்கி நின்றுவிட்டன, போதாக்குறைக்குச் சரிவில் பனிச்சரிவு அபாயம். பத்து மணிக்குத்தான் திறந்தார்கள். சாலையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பதினொன்றரைக்கு ஒரே மூச்சில் வந்து இறங்கினார்கள், பசியோடு. ஆறு மணிக்கு வரவழைத்த ஆட்கள் அப்போது ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் நேரம். மதிய ஆட்கள் பாதிப் பேரும் அதே சாலையில்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேல் லிஃப்டுகளோ இன்னும் திறக்கவில்லை. மலைக் காவலர்கள் வெடி வைத்துச் சரிவுகளைப் பத்திரப்படுத்தி முடிக்கும்வரை திறக்கவும் முடியாது. ஆக, மலை முழுக்கப் பரவ வேண்டிய கூட்டம் அடிவாரத்திலேயே நின்றது. வரிசையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு ஆடி அமாவாசை ராமேஸ்வரம் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரும் திட்டவில்லை. "இன்ட்ரஸ்டிங்" என்றார்கள். இங்கே ஒருவர் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு 'இன்ட்ரஸ்டிங்' என்றால் நம் ஊரில் செருப்பைக் கழற்றினதற்குச் சமம். அது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் அந்த மேற்பார்வையாளருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "அடுத்த சனிக்கிழமை வாருங்கள், காட்டுகிறேன்" என்று பதில் வந்தது. தொடர்ந்து மூன்று சனிக்கிழமை போனேன். முப்பது வருடமாக அந்த மலையில் இருப்பவர். காலையில் எழுந்ததும் பனி அளவைப் பார்க்கமாட்டார். முதலில் சாலைக் கேமரா. அடுத்து காற்று, ஏனென்றால் காற்று அடித்தால் மேலே உள்ள நாற்காலி லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள், பனி எவ்வளவு இருந்து என்ன. அப்புறம் கார் நிறுத்தும் இடத்தில் நம்பர் பிளேட். மார்ச்சில் டெக்சஸ் பிளேட் கூடினால் அங்கே பள்ளி விடுமுறை, பிள்ளைகளுக்கு வகுப்பும் வாடகைச் சாமானும் கேட்டு நிற்பார்கள். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான டென்வர் பிராங்கோஸ் முக்கியமான ஆட்டம் ஆடும் ஞாயிறு மதியம் உள்ளூர்க் கூட்டம் கரையும். அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டி நடக்கும் சூப்பர் பவுல் ஞாயிறு வருடத்தின் நிம்மதியான நாள்களில் ஒன்று. இதில் எதுவும் என் தகவல் கிடங்கில் இல்லை. எல்லாம் அவர் தலையில் இருந்தது, யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மழ பெய்ஞ்சும் கெடுக்கும், பெய்யாமயும் கெடுக்கும். இதுக்கா படிச்சீக?" என்றார். பருத்தி வெடிக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பஞ்சு கறுத்துப்போகும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பனி கூடக்கூட ஆள் கூடும் என்று நேர்கோடு போட்டதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. சாலை மூடும் வாய்ப்பைச் சேர்த்து, ஒரு அளவுக்கு மேல் பனி பெய்தால் காலைக் கூட்டத்தைக் குறைத்து மதியத்துக்குத் தள்ளும்படி மாற்றி எழுதினேன். இன்றும் வெள்ளிக்கிழமை மதியம் எண்களை அனுப்புமுன் அந்த அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி போடுவேன். பத்தில் மூன்று முறை அவர் சொன்னதற்காக எண்ணை மாற்றுகிறேன். மாற்றினதில் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் அலுவலகக்காரர்களும் மலைக்குப் போய் ஒன்றிரண்டு நாள் கை கொடுக்க வேண்டும். எனக்கு முதல் தடவை கிடைத்தது பாஸ் ஸ்கேனர். பாஸுக்குள் ஒரு சிப் இருக்கிறது, சட்டைப்பையில் இருந்தாலே ஸ்கேனர் பிடித்துக்கொள்ளும் என்று கூட்டங்களில் பெருமையாகப் பேசுவோம். அங்கே நின்று பார்த்தால் பத்தில் ஒருவர் அதைக் கைபேசியோடு ஒரே பையில் வைத்திருக்கிறார், ஸ்கேனர் பிடிக்கவில்லை, கையுறையைக் கழற்றித் தேடுகிறார், பின்னால் வரிசை முறைக்கிறது. உங்களிடம் பாஸ் இருந்தால் இடது கைப்பக்கம் தனிப் பையில் வையுங்கள், கைபேசியை வலதில். புண்ணியமாகப் போகும்.

என்னோடு நின்ற பிள்ளைகள் பெருவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் வந்தவர்கள். கல்லூரி மாணவர்கள். பூமியின் தென்பாதியில் டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை விடுமுறை என்பதால், ஜே-1 விசாவில் வந்து எங்கள் குளிர்காலத்தில் வேலை செய்துவிட்டுப் போவார்கள். ஒரு அறையில் நான்கு பேர். மலையடிவார ஊர்களில் வீட்டு வாடகை அப்படி. லிஃப்டில் பிள்ளைகளைத் தூக்கி உட்காரவைப்பவர், இரவெல்லாம் வண்டி ஓட்டிச் சரிவைச் சமப்படுத்துபவர், சமையல்காரர் என்று அந்த ஊரைத் தாங்குகிறவர்களில் பலரால் அந்த ஊரில் குடியிருக்க முடிவதில்லை. எங்கள் அட்டவணையில் இவர்கள் 'லேபர் ஹவர்ஸ்' என்று ஒரே ஒரு நெடுவரிசை. அதைக் குறைத்தால் பாராட்டு கிடைக்கும். நானும் குறைத்திருக்கிறேன். ஆறு மணி நேரம் குளிரில் நின்றபின் அந்த நெடுவரிசையைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு நாள் நின்றுவிட்டு அவர்கள் கஷ்டம் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டால் அது பொய்.

சரி, விழுந்த கதை. முப்பத்தாறு வயதில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். முதல் பாடம், காலில் மாட்டிய இரண்டு ஸ்கீப் பலகைகளின் முனைகளையும் சேர்த்து முக்கோணமாக வைத்து வேகத்தைக் குறைப்பது. பிள்ளைகளுக்கு அதைப் 'பீட்சா' என்று சொல்லித்தருவார்கள், எனக்கும் அப்படியே சொன்னார்கள். ஐந்து வயது மகள் இரண்டு நாளில் பறந்தாள். நான் இரண்டு சீசன் முழுக்கப் பீட்சாவிலேயே இருந்தேன். வகுப்புக்குப் பணம் கட்டிப் படியுங்கள், கணவரிடம் மட்டும் படிக்காதீர்கள். இது ஸ்கீயிங்குக்கு மட்டுமான அறிவுரை இல்லை.

உயரத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கொலராடோவின் பனிச்சறுக்கு ஊரான பிரெக்கன்ரிட்ஜில் கார் நிறுத்தும் இடமே அதைவிட உயரம், அங்கே உள்ள ஒரு லிஃப்ட் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் இறக்கிவிடும். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளை விமான நிலையத்திலிருந்து நேராக மலைக்குக் கூட்டிப்போகாதீர்கள். டென்வரில் ஒரு இரவாவது தங்கவிட்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, அப்புறம் ஏற்றுங்கள். என் மாமியாருக்குத் தலைவலியும் வாந்தியும் வந்து, நாங்கள் காலைக் காபியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முகத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசுங்கள், நம் நிறத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் மூக்கின் அடிப்பக்கத்தைக்கூடச் சுடும். காரைப் பொறுத்தவரை, செப்டம்பர் முதல் மே கடைசி வரை ஐ-70இன் மலைப்பகுதியில் டயர் பள்ளம் குறைந்தபட்சம் 3/16 அங்குலம் இருக்க வேண்டும் என்பது சட்டம். சும்மா எழுதிவைத்ததில்லை, என் கதையின் இரண்டு லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 14, சனிக்கிழமை. வசந்த விடுமுறைக் கூட்டத்தின் உச்சம். கொரோனாவுக்காகப் பெரிய கம்பெனிகள் மலைகளை மூடுவதாக அன்று அறிவித்தன, இரவுக்குள் கொலராடோ ஆளுநரின் உத்தரவும் வந்துவிட்டது. மறுநாள் பனி இருந்தது, வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது, ஆள் இல்லை. என் கணிப்பில் அப்படியொரு நாளுக்கு இடமே இல்லை. எங்களில் பலரைப் போல எனக்கும் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு. வாசல் மூடியபின் பாஸ்காரர்களுக்கு என்ன பதில் என்ற சிக்கல்தான் அதன்பின் மாதக்கணக்கில் ஓடியது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பீர்களா என்ற அப்பாவின் கேள்வியைத்தான் ஆயிரக்கணக்கானோர் போன் போட்டுக் கேட்டார்கள், அவரைப் போலச் சிரித்துக்கொண்டு இல்லை.

இன்னொரு கேள்வியும் அவர் கேட்டிருக்கிறார், வீடியோவில் மலையைக் காட்டியபோது. "இம்புட்டும் ஒங்க மொதலாளி நெலமா?" இல்லை. கொலராடோவின் பெரிய பனிச்சறுக்கு மலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்து வனநிலம். வனத்துறையிடம் அனுமதி வாங்கி நடத்துகிறார்கள். 1986ஆம் வருடச் சட்டப்படி அது 40 வருடம்வரை கிடைக்கும், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு புது லிஃப்ட் போட வேண்டுமானால் சுற்றுச்சூழல் ஆய்வு, பொதுமக்கள் கருத்து என்று வருடக்கணக்கில் இழுக்கும். மலையடிவார ஊரின் வீடும் கடையும்தான் சொந்த நிலம். "அப்ப குத்தகைக்காரன்தான்" என்றார் அப்பா, கொஞ்சம் திருப்தியோடு.

இந்த மாதிரி அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் மூன்று விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். விசா விண்ணப்பத்துக்குக் கம்பெனி கையெழுத்துப் போடுமா என்பதை முதல் சுற்றிலேயே. குளிர்கால வாரக்கடைசிகளில் எத்தனை நாள் வேலை என்பதை. மூன்றாவது, மலையில் இருப்பவர்களோடு இந்த வேலையில் இருப்பவர் எவ்வளவு பேச வேண்டியிருக்கும் என்பதை. மூன்றாவதற்குப் பதில் "அதெல்லாம் தேவைப்படாது" என்று வந்தால் யோசியுங்கள். ஸ்கீயிங் தெரியும் என்று பொய் சொல்லாதீர்கள். முதல் குழுச் சுற்றுலாவில் மாட்டிக்கொள்வீர்கள், அங்கே பொய் காலோடு சேர்ந்து உடையும்.

போன அக்டோபரில் மழையில்லை என்று அப்பா புலம்பிக்கொண்டிருந்தார். இங்கேயும் மலை காய்ந்துதான் கிடந்தது. ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பனித்துப்பாக்கிகளை ஓட்டலாம். தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சினால் கீழே விழுமுன் பனியாகிவிடும். காய்ந்த மலையில் ஒற்றை வெள்ளைக் கோடாக அது நீளும், அதிலேயே எல்லோரும் இடித்துக்கொண்டு இறங்குவார்கள். அந்த இரவு மூன்று மணிக்குக் குளிர் இறங்கி, மெஷின்கள் ஓடத் தொடங்கிய செய்தி வந்திருந்தது.

"இங்க ஐப்பசி பொறந்தும் ஒரு சொட்டு இல்ல. அங்க?"

"இங்கயும் பெய்யலப்பா. ஆனா எங்களுக்கு மெஷின் இருக்கு. அதுவே பனி போடும்."

"வானம் பெய்யாட்டியும்?"

"ஆமா."

"தண்ணி?"

"மலையிலேயே ஓடையிருக்குப்பா. அதுல இருந்து எடுத்துக் குளத்துல தேக்கிவச்சிருப்பாங்க."

"ஓடைக்கு எங்கிருந்து வருது?"

"போன வருசத்துப் பனி உருகி" என்றேன்.

"ம்" என்றார் அப்பா. பின்னால் அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.